பர்மா அரிசியும் மூன்று கரைகளும்

தோப்பும்படியிலிருந்து துறைமுகப் பாலத்தைக் கடந்தால் வெலிங்டன் தீவு. வடக்கே சென்றால் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு. இரண்டாம் உலகப் போருக்கு முன் இவ்வட்டாரத்து உலைகளில் வெந்தது பெரும்பாலும் பர்மா அரிசியே. தேங்காயும் மிளகும் விற்று அரிசி வாங்கிய கொச்சி, திருவிதாங்கூர் நாடுகள் தம் தேவையில் ஏறத்தாழப் பாதியை வெளியிலிருந்து பெற்றன. இலங்கையின் நிலையும் அதுவே. வங்காளமோ நெல் விளையும் நாடு. பர்மா அரிசி அதற்குச் சிறு துணை மட்டுமே.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று, கப்பல்கள் நின்றன. எங்கே பஞ்சம் பெருகியிருக்க வேண்டும்? கணக்குப் பார்ப்பவர் கொச்சி என்றே சொல்வார். ஆனால் இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தது வங்காளத்தில். 1945-இல் விசாரணைக் குழு மதிப்பிட்ட தொகை 15 இலட்சம்; பின்வந்த ஆய்வாளர் சிலர் 30 இலட்சம் என்பர். அங்கு விலை ஏற ஏற, இருப்பு வைத்தவன் பதுக்கினான்; கூலியாள் வாங்க இயலாது வீழ்ந்தான். கல்கத்தாவில் முறையான பங்கீடு தொடங்கியது 1944 ஜனவரி இறுதியில்தான். கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் அரசே நெல்லைக் கொள்முதல் செய்து, நகரம் கிராமம் என்ற வேற்றுமையின்றிப் பங்கிட்டது. அளவு மிகச் சிறிது. மரவள்ளிக்கிழங்கு துணை நின்றது. துன்பமும் சாவும் இங்கும் இல்லாமற் போகவில்லை.

'இன்ஃப்ளேஷன்' என்பதனைப் 'பணவீக்கம்' என்று மொழிபெயர்க்கிறோம். அச்சொல் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. வீங்கியது பணமா, சுருங்கியது கலயமா என்பதை அது சொல்லாது.

இலங்கை மானியம் அளித்து விலையைத் தாழ்த்தி வைத்தது. கொரியப் போரினால் உலகச் சந்தையில் அரிசி விலை உயர, அச்சுமை தாங்காத அரசு 1953-இல் கொத்து ஒன்றுக்கு 25 சதமாயிருந்த விலையை 70 சதமாக்கியது. ஆகஸ்டு 12-ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.

அதே தீவில், 2021-இல் இரசாயன உரத்திற்கு விதித்த தடையால் விளைச்சல் சரிந்தது. அந்நியச் செலாவணியும் வற்றியது. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவு விலை ஓராண்டில் 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதே மாதம் இந்தியாவில் அவ்வுயர்வு 8.6 விழுக்காடு. மட்டாஞ்சேரிக்கு ஆந்திர அரிசி ரூபாய்க்கு வந்தது. கொழும்பு இறக்குமதியாளர் டாலர் தேடி அலைந்தார்.