கடல் தந்த சுவர்

தனுஷ்கோடி மணற்பரப்பில் கூரையிழந்து நிற்கும் பழைய ஆலயத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயலுக்குப் பின் எஞ்சிய அதன் சுவர்களை உற்று நோக்கினால், கற்களில் பவளத்தின் சிறு துளைகள் தெரியும். அவை நிலத்தில் வெட்டிய கற்கள் அல்ல. கடலில் பெயர்த்த முருகைக்கற்கள். இக்கரையின் பல இல்லங்களது வரலாறும் அக்கற்களில் அடங்கியுள்ளது.

முற்காலத்தில் இங்கு மீனவரின் இல்லம் பெரும்பாலும் பனையின் கொடையாகவே இருந்தது. கைமரம், ஓலை, கட்டும் நார் யாவும் பனை தந்தவை. வாடைக்காற்று மேலேறிச் செல்லட்டும் என்றே கூரை தாழ்ந்து இறங்கியது. ஆயினும் மழையும் வெயிலும் ஓலையை மக்கச் செய்தன. அடிக்கடி புதிதாய் வேய வேண்டியிருந்தது. வசதி வந்தபோது முருகைக்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினர். அதையே காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினர். பின்னர் ஓடு வந்தது. மகனுக்கு மணமானதும் திண்ணை அடைபட்டு அறையாயிற்று; வலைகளுக்கென ஒரு சாய்ப்பு இறங்கிற்று. அடுத்து வந்தது கான்கிரீட். அதையும் உப்புக்காற்று விட்டுவைக்கவில்லை. உள்ளே கம்பி துருவேறிப் பருக்க, தளம் வெடித்து உதிர்கிறது. வீடு மந்திரிக்கச் செல்லும் நாம், ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறைகளின் தேவைகளைக் காண்கிறோம்.

ஆனால் இவ்வரலாற்றில் ஒரு கடனும் உண்டு. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பவை பவளத்திட்டுகளே. சுவருக்காகவும் சுண்ணாம்புக்காகவும், பின்னாளில் ஆலைகளுக்காகவும் அவ்வரணைப் பெயர்த்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கொரு முதன்மைக் காரணம். 1986இல் இத்தீவுப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

தம் பிள்ளைகள் நனையாதிருக்கச் சுவர் எழுப்பிய எளியோரை நாம் பழிப்பதற்கில்லை. ஆனால் வேறுபாட்டை அறிந்தாக வேண்டும். பனை மீண்டும் ஓலை தரும். பெயர்த்த பவளத்திட்டு மீண்டும் வளர ஒரு தலைமுறை போதாது. நம் வீட்டில் ஒரு சுவர் எழுந்தபோது, கடலில் ஒரு சுவர் சரிந்தது. இனி எஞ்சிய திட்டுகளைக் காப்பதும் நம் வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையே.