விற்பனைக்கு வந்த நாணயம்: அமெரிக்கக் கடன் தகவல் தொழிலின் வரலாறு

ஒருவருடைய வருவாய், கடன், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றிய செய்திகளை அவரைக் கேளாமலே திரட்டி, அவற்றை அறிய விரும்பும் மூன்றாமவருக்கு விலைக்குக் கொடுப்பது ஒரு தனித் தொழிலாக அமெரிக்காவில் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்கு முன்பும் வணிகர்கள் விசாரிக்காமல் கடன் கொடுத்ததில்லை. ஆனால் அந்த விசாரணை உறவினர், ஊரார், உடன் தொழில் செய்வோர் என்ற வட்டத்துக்குள் நடந்தது. கேட்டவரையும் சொன்னவரையும் ஊர் அறிந்திருந்தது. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஏட்டில் ஏற்றி விலை வைத்தபோது பிறந்ததே கடன் தகவல் தொழில். மக்களின் நிதித் தகவல் திருடப்படுவதை இன்று பூட்டு பழுதான செய்தியாகப் பேசுவது வழக்கம். அந்தத் தகவல் யாருடைய நன்மைக்காகத் திரட்டப்பட்டது, திரட்டியவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதைப் பார்க்காமல் திருட்டின் வரலாறு விளங்காது.

1830களில் ஒஹாயோ, இல்லினாய்ஸ் போன்ற உள்நாட்டு மாநிலங்களின் கடைக்காரர்கள் நியூயார்க் வந்து, மொத்த வணிகரிடம் மாதக்கணக்கில் தவணை சொல்லிச் சரக்கு எடுத்துச் சென்றனர். அவர்களைப் பற்றி மொத்த வணிகருக்குக் கிடைத்த சான்று பெரும்பாலும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் மட்டுமே. 1837-இல் வந்த பெரும் நிதி நெருக்கடியில் இந்தக் கடன் சங்கிலி அறுந்து எண்ணற்ற நிறுவனங்கள் வீழ்ந்தன. அவ்வாறு நொடித்த பட்டு வணிக நிறுவனங்களில் ஒன்று ஆர்தர் டப்பன், லூயிஸ் டப்பன் என்ற சகோதரர்களுடையது. இருவரும் அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்றவர்கள். அமிஸ்டாட் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலை வழக்குக்கு லூயிஸ் டப்பன் பெரும் துணையாக இருந்தவர். மனித உடலை விற்பதை எதிர்த்து நின்ற அந்த மனிதரே 1841-இல் நியூயார்க்கில் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மனிதரின் நற்பெயர் பற்றிய செய்தியை விற்கும் தொழிலுக்கு அடித்தளம் இட்டார். அவர் தீங்கு எண்ணிச் செய்யவில்லை. நேர்மையான வணிகருக்குக் கடன் கிடைக்கவும் ஏமாற்றுக்காரர் ஒதுக்கப்படவும் இது வழி என்று நம்பினார்.

அந்த நிறுவனம் இயங்கிய முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஊருக்கு ஊர் நியமிக்கப்பட்ட செய்தியாளர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். தங்கள் ஊர் வணிகரின் சொத்து, தொழில் திறமை, பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். அதற்குக் கைம்மாறு, அந்த ஊரில் வராக்கடன் வசூல் வழக்குகள் அவர்களிடம் ஒப்படைக்கப்படுவது. வந்த கடிதங்களை எழுத்தர்கள் தடித்த பேரேடுகளில் படியெடுத்தனர். ஒரு வணிகர் குடிக்கிறாரா, இல்லறம் ஒழுங்காக நடக்கிறதா, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பனவும் கையிருப்புக் கணக்கோடு ஒரே பத்தியில் இடம்பெற்றன. சந்தா கட்டிய மொத்த வணிகர் அலுவலகத்துக்கு வந்து மேசையின் முன் நின்று பெயரைச் சொன்னால், எழுத்தர் பேரேட்டைத் திறந்து வாசித்துக் காட்டுவார். ஏட்டை வாங்கிப் பார்க்கவோ படியெடுக்கவோ அனுமதி இல்லை. பின்னர் ராபர்ட் கிரஹாம் டன் என்பவரின் கைக்கு வந்து அவர் பெயராலேயே அறியப்பட்ட இந்த நிறுவனத்தின் பேரேடுகள், 2,500 தொகுதிகளுக்கும் மேலாக, இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இத்தனை மறைவும் யாருக்காக என்பதே வினா. ஒஹாயோவின் நார்வாக் ஊரைச் சேர்ந்த பியர்ட்ஸ்லி என்ற வணிகர், தம் மனைவி மணவிலக்குக் கோரி வழக்குத் தொடரப் போவதாக எழுதப்பட்ட அறிக்கையால் தமக்குக் கடன் மறுக்கப்பட்டதென்று டப்பன்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். செய்தி தந்தவர் யாரென்று வெளியிட நிறுவனம் மறுத்தது. 1851-இல் ஜூரிகள் 10,000 டாலர் இழப்பீடு விதித்தனர். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை இழுபட்டு, 1870-இல் அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது. நியாயமான தேவை உள்ள சந்தாதாரருக்கு இரகசியமாகத் தரப்படும் அறிக்கைக்கு அவதூறுச் சட்டத்திலிருந்து ஓரளவு விலக்கு உண்டு என்ற கொள்கையே நாளடைவில் நீதிமன்றங்களில் வேரூன்றியது. ஆகவே அந்த இரகசியம் எழுதியவரையும் வாங்கியவரையும் காத்ததே தவிர, எழுதப்பட்டவரைக் காக்கவில்லை. தம்மைப் பற்றி அந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை அவருக்கு இல்லை.

வணிகர்களை மட்டும் அளந்த இந்தத் தொழில் சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைந்ததன் முக்கிய அடையாளம், 1899-இல் அட்லாண்டா நகரில் கேட்டர் வூல்ஃபோர்டு, கை வூல்ஃபோர்டு என்ற சகோதரர்கள் தொடங்கிய ‘ரீடெயில் கிரெடிட் கம்பெனி’. மளிகைக் கடையில் பற்று வைத்திருப்போரில் யார் ஒழுங்காகக் கட்டுகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்ற பட்டியலைக் கடைகளுக்கு விற்றதில் தொடங்கிய அந்த நிறுவனம், விரைவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விண்ணப்பதாரரைப் பற்றி விசாரிக்கும் பணியில் இறங்கியது. அதன் விசாரணையாளர்கள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, அவர் குடிப்பவரா, வீடு எப்படி இருக்கிறது, யாருடன் பழகுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டனர். பல இலட்சக் கணக்கான கோப்புகள் இவ்வாறு சேர்ந்தன.

இதே காலத்தில் இங்கிலாந்தின் வங்கிச் சட்டம் வேறொரு திசையில் சென்றது. டூர்னியே என்ற வாடிக்கையாளர் தம் கணக்கில் 9 பவுண்டு சொச்சம் மிகைப்பற்று, அதாவது கணக்கில் இருந்ததைவிட அதிகமாக எடுத்த தொகை, வைத்திருந்தார். வாரம் ஒரு பவுண்டாகக் கட்ட ஒப்புக்கொண்டு பின் நிறுத்திவிட்டார். வங்கி மேலாளர் அவருடைய முதலாளிக்குத் தொலைபேசியில் பேசி, அவர் கடன் பாக்கியையும் பந்தயத்தில் பணம் விடுகிறார் என்ற ஐயத்தையும் சொல்லிவிட, அவர் வேலை பறிபோனது. 1924-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளரின் செய்தியைக் காப்பது வங்கி ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அடங்கிய கடமை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் ஒப்புதல் என நான்கு விலக்குகளை மட்டுமே அது ஏற்றது. இந்திய நீதிமன்றங்களும் எடுத்தாளும் தீர்ப்பு இது. ஆனால் அந்தக் கடமை ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது என்பதை மறந்துவிடக் கூடாது. கடன் தகவல் நிறுவனத்துக்கும் அது யாரைப் பற்றி எழுதுகிறதோ அவருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. அங்கே வாடிக்கையாளர் என்பவர் அறிக்கையை வாங்கும் கடைக்காரரோ காப்பீட்டாளரோதான். எழுதப்படுபவர் அந்தக் கடையின் சரக்கு. இத்தொழிலின் பிற்கால அழிவுகள் பலவற்றின் மூலம் இந்த இடைவெளியில் இருக்கிறது.

1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ‘கிரெடிட் டேட்டா கார்ப்பரேஷன்’ கடன் கோப்புகளைக் கணினிக்கு மாற்றியது. 1969-இல் டிரான்ஸ்யூனியன் நிறுவனம் சிகாகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தின் கடன் தகவல் நிறுவனத்தை வாங்கியபோது, அங்கே 36 இலட்சம் அட்டைக் கோப்புகள் 400 இழுப்பறைப் பெட்டிகளில் இருந்தன. ஓர் எழுத்தர் எழுந்து நடந்து, இழுப்பறையைத் திறந்து, அட்டையை விரலால் தேடி எடுக்க வேண்டியிருந்த காலம்வரை, நிறுவனத்தின் சோம்பலும் தாளின் கனமுமே மக்களுக்கு ஒருவகைக் காவலாக இருந்தன. கணினி அந்தக் காவலை நீக்கியது. ஆலன் வெஸ்டின் போன்ற அறிஞர்கள் நாடாளுமன்றக் குழுக்களின் முன் இந்த அபாயத்தை எடுத்துரைத்தனர். மேலவை உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மையரின் விடாமுயற்சியால் 1970 அக்டோபரில் ‘நியாயமான கடன் அறிக்கைச் சட்டம்’ பிறந்தது. சட்டம் ஏற்கும் காரணம் உள்ளவருக்கே அறிக்கை தரலாம் என்றும், தம் கோப்பில் உள்ளதை அறியவும் தவறு இருந்தால் மறுக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றும் அது விதித்தது. ஆயினும் முதல் வடிவில் கோப்பின் உள்ளடக்கத்தைத் தெரிவித்தால் போதும், நகல் தர வேண்டியதில்லை. அதற்கு ஈடாக நிறுவனங்களுக்கு அவதூறு வழக்குகளிலிருந்து பெருமளவு பாதுகாப்பும் கிடைத்தது. ரீடெயில் கிரெடிட் கம்பெனி 1975-இல் ஈக்விஃபேக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

விற்பனைக்கான வாசலே திருட்டுக்கும் வாசலாவதை 1984 முதலில் உலகுக்குக் காட்டியது. டி.ஆர்.டபிள்யூ. என்ற நிறுவனத்தின் கணினியில் ஏறத்தாழ 9 கோடிப் பேரின் கடன் விவரம் இருந்தது. அதைப் பார்க்கச் சந்தாதாரக் கடை ஒன்றுக்குத் தரப்பட்டிருந்த கடவுச்சொல் களவு போய், கணினி ஆர்வலர்கள் பயன்படுத்தும் மின்பலகையில் வெளியானது. நிறுவனத்தின் பூட்டு எத்தனை உறுதியானதாயினும், அதன் சாவி ஆயிரக்கணக்கான கடை மேசைகளில் இருந்தது.

1990-இல் லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் ஈக்விஃபேக்சும் சேர்ந்து, 12 கோடி அமெரிக்கரின் பெயர், முகவரி, வயது, வருவாய் மதிப்பீடு, வாங்கும் பழக்கம் ஆகியவற்றைக் குறுந்தகட்டில் அடைத்துச் சிறு வணிகருக்கு விற்கத் திட்டமிட்டன. தங்கள் பெயரை நீக்கக் கோரி ஏறத்தாழ 30,000 பேர் எழுதியும் அழைத்தும் கேட்டதால், 1991 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் தாமாகத் திரண்டு ஒரு விற்பனையை நிறுத்திய அரிய நிகழ்வு அது.

வங்கிகளும் இந்தச் சந்தையிலிருந்து விலகி நிற்கவில்லை. 1999 ஜூனில் மின்னசோட்டா மாநிலத் தலைமை வழக்கறிஞர், யு.எஸ். பேங்க் தன் வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களைத் தொலைபேசி விற்பனை நிறுவனம் ஒன்றுக்கு 40 இலட்சம் டாலருக்கும், மேலும் தரகுக்கும் கொடுத்ததாக வழக்குத் தொடர்ந்தார். வாடிக்கையாளர் கணக்கு எண்ணைச் சொல்லாமலே அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது என்பதே மக்களை அதிர வைத்தது. சில வாரங்களிலேயே வங்கி சமரசத்துக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய கிராம்-லீச்-பிளைலி சட்டம், நிதி நிறுவனங்கள் தகவல் பகிர்வு பற்றி ஆண்டுதோறும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், வெளியாருக்குத் தர வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் வாய் திறவாதவர் ஒப்புக்கொண்டவராகக் கருதப்பட்டார். பொடி எழுத்தில் அச்சிட்ட அந்த அறிவிப்பைப் படித்து, பதில் எழுதி அனுப்பியவர் மிகச் சிலரே. டூர்னியே தீர்ப்பு ஒப்புதல் என்று சொன்னது வாடிக்கையாளரின் சம்மதத்தை. இந்தச் சட்டம் மௌனத்தையே சம்மதமாக்கியது. இது பாதுகாப்பின் பெயரால் விற்பனைக்கு வழங்கப்பட்ட அனுமதி என்று சொல்வதே பொருந்தும்.

திருட்டு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற எளிய கடமைகூட 2003 ஜூலை 1 வரை எந்த மாநிலத்திலும் இல்லை. அரசு ஊழியர் சம்பளக் கணினி ஊடுருவப்பட்ட பின் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் 2005 பிப்ரவரியில் தெரிந்தது. ஈக்விஃபேக்சிலிருந்து 1997-இல் தனியே பிரிந்த சாய்ஸ்பாயிண்ட் என்ற தகவல் விற்பனை நிறுவனம், தங்கள் விவரம் மோசடிக்காரர் கைக்குப் போனதென்று கலிஃபோர்னியர் சுமார் 35,000 பேருக்குக் கடிதம் அனுப்பியது. மற்ற மாநிலத்தார் மட்டும் பாதிக்கப்படவில்லையா என்ற கேள்வி எழுந்ததும் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. கூட்டரசு வணிக ஆணையத்தின் கணக்கில் அது 1,63,000-க்கும் மேல். இங்கே யாரும் கணினியை உடைக்கவில்லை. சிறு வணிகர் என்று பொய் சொல்லி விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, சந்தாதாரராகவே தகவலை வாங்கிச் சென்றனர். வாடகை அஞ்சல் பெட்டியை அலுவலக முகவரியாகக் காட்டிய விண்ணப்பங்களும், பொது நகலகத்திலிருந்து தொலைநகலில் வந்த விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டிருந்தன. குறைந்தது 800 பேரின் பெயரில் அடையாளத் திருட்டு, அதாவது பிறர் விவரத்தைக் கொண்டு அவராக நடித்துக் கடன் பெறும் மோசடி, நடந்ததாக ஆணையம் கண்டது. 2006-இல் நிறுவனம் 1 கோடி டாலர் அபராதமும், பாதிக்கப்பட்டோருக்காக 50 இலட்சம் டாலரும் கட்டியது. 1841-இல் மேசையின் முன் நின்று பெயரைச் சொன்னவரை எழுத்தர் முகத்தால் அறிந்திருக்கக்கூடும். தொலைநகலுக்கு முகம் இல்லை.

2017-இல் ஈக்விஃபேக்சில் நடந்த பெருந்திருட்டு இவ்வரலாற்றின் உச்சம். மென்பொருள் குறை ஒன்று மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்டு, அதற்கான திருத்தமும் வெளியான பின்பும் அது செய்யப்படாத ஓர் இணையவாயில் வழியே மே முதல் ஜூலை வரை திருடர்கள் உள்ளே இருந்தனர். சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரம் போயிற்று. அந்த வாயில், மக்கள் தங்கள் கோப்பிலுள்ள தவறுகளை மறுப்பதற்காக அமைக்கப்பட்டது. 1970-இல் போராடிப் பெற்ற உரிமைக்கான வாசலே காவலின்றிக் கிடந்தது என்பது மனத்தை வருத்தும் உண்மை. தன் கோப்பை யாரும் திறக்காதபடி முடக்கி வைக்கும் வசதி அமெரிக்கர் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைத்ததும் அந்த இழப்புக்குப் பின், 2018-இல்தான்.

அமெரிக்காவில் வளர்ந்த இந்த நிறுவனங்களின் கிளைகள் இன்று இந்தியாவிலும் உள்ளன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நான்கில் டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன் ஆகிய மூன்றும் மேலே சொன்ன மரபில் வந்தவை. எக்ஸ்பீரியனின் முன்னோடிகளில் ஒன்று டி.ஆர்.டபிள்யூ.வின் கடன் பிரிவு. தமிழ்நாட்டில் நகைக்கடனோ வீட்டுக்கடனோ கடன் அட்டையோ வாங்கிய எவரும் இவற்றின் பேரேட்டில் இருக்கக்கூடும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 முதல் கட்டாயமாக்கியுள்ளது. தவறு என்று முறையிட்டு 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பியர்ட்ஸ்லிக்குக் கிடைக்காத அந்த ஏடு இன்று கேட்டால் கிடைக்கும். அதை வாசகர் ஒவ்வொருவரும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.