கம்பியில்லா வலை அட்டையும் கிராமத்துத் தூரமும்: தென்தமிழகத்தில் ஒரு தொழில்நுட்பம் நிலைபெற்ற வரலாறு

முன்னுரை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே, அர்ஜுனா நதிக்குக் குறுக்கே அணை கட்டப்பட்ட ஊர் ஆனைக்குட்டம். தட்டையான கரிசல் நிலம். கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை மறிப்பு அதிகமில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்காகத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், இந்தப் பட்டாசு வட்டாரத்துத் தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் கணினியைக் கொண்டுவந்தது. அதன் கம்பியில்லா வலை அட்டையை நிறுவ மாணவர் யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. சட்டம், மென்பொருள், மின்சாரம் ஆகிய மூன்று தடைகளைக் கடந்துதான் அந்த அட்டை கிராமத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அதற்கான தீர்வுகளில் முக்கியமான சில, மதுரையிலும் தேனியிலும் களத்தில் சோதிக்கப்பட்டவை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

உரிமமும் முன்னோடி முயற்சியும்

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. அதன் பயனாக 1997-இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் உருவானது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. இந்தியாவில் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடைசெய்திருந்தது.

தமிழகத்தின் முன்னோடி முயற்சி ஒன்று வேறு தடத்தில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த மையங்களிலிருந்து நோயாளிகளின் கண் படங்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. படம் அனுப்ப அந்த வேகம் போதும். மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச அது போதாது.

2005 ஜனவரியில் மத்திய அரசின் அறிவிக்கை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிம விலக்கு அளித்தது. கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். ஆன்டெனா கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் யாரும் வெட்டவெளியில் வைஃபை இணைப்பு அமைக்கலாம் என்றானது.

121 மைக்ரோவினாடி

சட்டத் தடை நீங்கியதும் மென்பொருள் தடை முன்னுக்கு வந்தது. வைஃபை அட்டை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என வடிவமைக்கப்பட்டது. ஒரு தகவல் பொதியை அனுப்பியதும், ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகைக்காக அது சிறிது நேரம் காத்திருக்கும். அதற்குள் ஒப்புகை வராவிட்டால் பொதி தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். வானொலி அலை 300 மீட்டரைக் கடக்க 1 மைக்ரோவினாடி ஆகும். 15 கிலோமீட்டருக்குப் போக 50, வர 50. ஒப்புகை வந்து சேருமுன் அட்டை பொறுமை இழந்துவிடும். சிக்னல் நன்றாக இருந்தும் இணைப்பு திணறும்.

ஏதெரோஸ் நிறுவன அட்டைகளுக்கான மேட்வைஃபை என்ற இயக்கியில், அதாவது அட்டையைக் கணினி இயக்க உதவும் மென்பொருளில், இதற்கு வழி இருந்தது. ஆத்கன்ட்ரோல் என்ற சிறு கருவியிடம் தூரத்தை மீட்டரில் சொன்னால் போதும். 15,000 என்று கொடுத்தால், அது 300-ஆல் வகுத்து 50 பெறும். அடிப்படை இடைவெளியான 9-ஐக் கூட்டி 59 ஆக்கும். அதை இரட்டித்து 3 சேர்த்து, காத்திருப்பு நேரத்தை 121 மைக்ரோவினாடி என்று நிர்ணயிக்கும். அட்டையின் வன்பொருளில் எதுவும் மாறவில்லை. அதன் பொறுமைதான் நீண்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான டியர் ஆய்வுக் குழு, இத்தகைய அட்டைகளைக் கொண்டு தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு இணைத்தது. 2006-க்குள் ஐந்து மையங்கள் இணைந்தன. நோயாளி தன் ஊருக்கு அருகிலேயே அமர்ந்து தேனியிலிருக்கும் மருத்துவரைத் திரையில் பார்த்துப் பேசினார். அக்குழு 2007-இல் வெளியிட்ட வைல்ட்நெட் முறை, ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை கேட்பதை விட்டு மொத்தமாகக் கேட்டது; இரு முனைகளும் முறைவைத்துப் பேசச் செய்தது. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. முறைவைத்துப் பேசும் உத்தியை அதற்கு முன்பே கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் வகுத்திருந்தனர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

மின்சாரமும் கைகளும்

மூன்றாவது தடை சுவர் பிளக்கில் இருந்தது. 2008-இல் வெளியான டியர் குழுவின் அனுபவ ஆய்வு, கிராமப்புறப் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரத்தின் தரமே காரணம் என்று கண்டது. மின்னழுத்தம் சில வேளை 70 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. சில வேளை 1,000 வோல்ட்டையும் தாண்டித் துள்ளியது. திடீரென மின்சாரம் நிற்கும்போது நினைவக அட்டையில் பாதி எழுதிய கோப்பு பாழாகி, கருவி மறுபடி எழும்பாமல் போனது. இதற்காகக் கோப்பு அமைப்பை வாசிக்க மட்டும் இயலும்படி மாற்றினார்கள்.

இவற்றையெல்லாம் பெர்க்லியிலிருந்து நாள்தோறும் கவனிக்க இயலாது. மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்றுப் பழுது நீக்கினார்கள். பிறகு புதிய இணைப்புகளையும் தாங்களே அமைத்தார்கள். சோதனை முயற்சியாகத் தொடங்கிய வலைப்பின்னல் நிலைத்து நின்றது இவர்களால்தான் என்பது என் உறுதியான முடிவு.

முடிவுரை

2008-இல் ஏதெரோஸ் அட்டைக்கான திறந்த இயக்கியான ஆத்5கே, லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியிலேயே (கர்னல்) இடம்பெற்றது. அரசு தந்த மடிக்கணினியில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு காலத்தில் தனியே தேடிப்பிடித்து நிறுவ வேண்டியிருந்த இத்தகைய இயக்கிகள், அப்போது இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. ஆனைக்குட்டத்து மாணவருக்கு நிறுவும் வேலையே இல்லாமல் போனதன் பின்னணியில் இதுவும் உண்டு.

ஆய்வுத் தாள்களில் பொறியாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. மொட்டை மாடியில் வெயிலில் நின்று ஆன்டெனாவைத் திருப்பி, கீழே திரையில் சிக்னல் ஏறுகிறதா என்று குரல்கொடுத்துக் கேட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் அனுபவத்தைத் தமிழில் பதிவுசெய்வது இத்துறை ஆய்வாளர்களின் உடனடிக் கடமை.