ஆரணி வயலில் பிறந்த சிப்பாய்ப் படை

1751 டிசம்பர் 3 அன்று ஆரணியை அடுத்த வயல்வெளியில் ஒரு சண்டை நடந்தது. ஒருபுறம் ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு. அவருக்குத் துணை புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள். மறுபுறம் இன்னொரு போட்டியாளரான முகம்மது அலியின் பெயரால் வந்திருந்த ராபர்ட் கிளைவ். வயது 26. கணக்கு எழுதுவதற்காக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி கப்பலேற்றி அனுப்பிய ஆள். ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிவிட்டு, சில வாரங்கள் முன்புதான் வெளியே வந்திருந்தார். அவரோடு முராரி ராவின் மராட்டியக் குதிரைகளும் சேர்ந்திருந்தன.

ஒரு பக்கம் பனந்தோப்பு, எதிரே சேறும் தண்ணீருமாக நெல் வயல், வயலை ஊடறுத்துக் கோட்டையை நோக்கி ஒரு மேட்டுப்பாதை. சேற்றில் குதிரை ஓடாது. எண்ணிக்கையில் பெரிதாக இருந்த ராசா சாகிபின் படை அந்த ஒற்றைப் பாதையில் நெருக்கிக்கொண்டு வந்து பீரங்கிக்கு இரையானது. இருட்டியதும் அது கலைந்தது. ராசா சாகிபின் படைக்காசு, ஒரு லட்சம் ரூபாய், மராட்டியர் கைக்குப் போனது.

வரலாற்று நூல்கள் இதைக் கிளைவின் வெற்றி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பெரிய சண்டை நடந்த காவேரிப்பாக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் சண்டை முடிந்தபின் நடந்ததுதான் என்னை இந்த ஊரிலேயே நிறுத்துகிறது. பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிய சிப்பாய்களில் சுமார் 600 பேர் கிளைவிடம் வந்து வேலை கேட்டார்கள். நல்ல துப்பாக்கி வைத்திருந்தவர்களை அவர் சேர்த்துக்கொண்டார். முந்தின நாள் எதிரில் நின்று சுட்டவர்கள் மறுநாள் இந்தப் பக்கத்து வரிசையில் நின்றார்கள்.

அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துரோகம் செய்ய அவர்களுக்கு ஒரு நாடு இருந்திருக்க வேண்டும். இருந்ததோ சந்தா சாகிபு, முகம்மது அலி என்ற இரண்டு பெயர்களும், அவற்றின் பின்னால் இரண்டு வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளும்தான். சிப்பாயிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்று: வரிசை கலையாமல் நின்று, சொன்ன நேரத்தில் சுட்டு, மீண்டும் மருந்து கிட்டிக்கும் பழக்கம். அதை மாதச் சம்பளம் ஒழுங்காகத் தருகிறவனுக்கு விற்றான்.

அந்தப் பழக்கத்தின் விலை தெரிந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1746இல். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதும், அதை மீட்க நவாபு அன்வருதீன் தன் மகன் மாபூசு கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் ஆயிரம் பேருக்கும் குறைவான பிரெஞ்சுப் படை அதை விரட்டியடித்தது. அந்தச் சிறுபடையில் பெரும்பகுதி இந்த மண்ணின் ஆட்கள். நவாபின் குதிரைப்படைக்கு இனி மதிப்பில்லை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்துபோனது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு முதலில் புரிந்தது, ஆங்கிலேயருக்குக் கொஞ்சம் தாமதமாக. 1748இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்திறங்கிய ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்சு, பிரெஞ்சுக்காரர் செய்ததையே கும்பினிக்கும் செய்யத் தொடங்கினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த வேளையில், தனித்தனிக் கம்பெனிகளாக இருந்த சிப்பாய்கள் பட்டாளங்களாகக் கோக்கப்பட்டார்கள். இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் அந்த ஆண்டையே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. நான் ஆரணியிலிருந்து எண்ணுவேன். பட்டாளம் என்ற அமைப்பு 1758இல் வந்திருக்கலாம். அதன் இயல்பு 1751லேயே இங்கே வெளிப்பட்டுவிட்டது.

துணி வாங்க வந்தவர்களுக்கு எதற்குப் படை? சென்னைப்பட்டினத்தை 1639இல் கும்பினி கேட்டு வாங்கியதே இந்தக் கரையில் துணி மலிவு என்பதால். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணியை ஏற்றுமதி செய்தது வரை அது வியாபாரம். படை வைத்தபின் அந்தப் படைக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளம் வேண்டும். சும்மா இருக்கும் படையும் சாப்பிடும். ஆகவே அதை வாடகைக்கு விட்டார்கள். முகம்மது அலிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். செலவை அவர் கணக்கில் எழுதினார்கள். கடனுக்கு ஈடாக 1763இல் செங்கல்பட்டுச் சீமை போனது. மைசூரின் ஐதர் அலியோடு போர் நடந்த 1781இல் நவாபின் மொத்த வரி வசூலும் கும்பினியின் பொறுப்பில் வந்தது. 1801இல் கர்நாடகம் எனப்பட்ட நவாபின் சீமையே கும்பினிக்குப் போய்விட்டது. நாட்டைப் பிடித்தது துப்பாக்கி என்கிறோம். துப்பாக்கி பிடித்தவனின் சம்பளப் பாக்கியும் அதே அளவுக்குப் பிடித்தது. அந்தச் சம்பளம் உழவனின் நிலத்திலிருந்தும் நெசவாளியின் தறிக்கு விதித்த வரியிலிருந்தும் வந்தது.

ஆரணிக்கு இது ஏட்டில் படித்த செய்தி அல்ல. 1780இல் மலையிறங்கி வந்த ஐதர், சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்தார். தானியமும் வெடிமருந்தும் சேமிக்கும் இடமாக ஆரணியை வைத்துக்கொண்டார். 1782 ஜூன் 2 அன்று அந்தக் கிடங்கைப் பறிக்க ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தபோது இங்கே இரண்டாம் போர் நடந்தது. கிடங்கைக் காப்பாற்றிக்கொண்டது மைசூர்தான். ஊருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை ஊகிக்க வரலாற்று அறிவு தேவையில்லை. நெல் வேண்டும் படைக்கு. பாவு நீட்டிய தெருவில் குதிரை கட்டும் படை.

இந்தச் சிப்பாய்கள் சொந்த மண்ணோடும் நிற்கவில்லை. ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் மூண்ட பகைக்காக 1762இல் சென்னையிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறினார்கள். சிலர் திரும்பவில்லை. மணிலாவை அடுத்த கைந்தாவில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்னர் பர்மா, சீனம். எந்த நாட்டோடு தனக்கு என்ன சண்டை என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

சம்பளத்தால் கட்டிய விசுவாசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கும் இந்தச் சீமையே சாட்சி. சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்த யூசுப் கான், கும்பினிக்கு எதிராகத் திரும்பி 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கினார். அதன்பின் இந்திய அதிகாரியின் கை திட்டமிட்டுக் குறைக்கப்பட்டது. 1796 சீர்திருத்தம் பட்டாளங்களில் வெள்ளை அதிகாரிகளைப் பெருக்கியது. எத்தனை போர் கண்ட சுபேதாரும் நேற்று வந்த இளைஞனுக்குக் கீழே. பிறகு புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்று ஆணை வந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன், ஆரணியிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் இறந்தனர். ஆற்காட்டிலிருந்து ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் பல நூறு பேர் கொல்லப்பட்டார்கள். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதற்குப் பின் வந்ததுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு லாயக்கில்லாதவர் என்ற எண்ணத்தோடு போனார். வடக்கேதான் 'வீர இனங்கள்' என்ற கொள்கை வலுத்தது. முதல் உலகப் போருக்குப் பின் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. யாரைக் கொண்டு நாட்டைப் பிடித்தார்களோ அவர்களுக்கே வீரம் இல்லை என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மதராஸ் ரெஜிமெண்ட் திரும்பப் பிறந்தது. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பதை அந்தக் கொள்கைக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும்.

1947இல் பிரிட்டிஷ் இந்தியப் படை இரண்டாகப் பிரிந்தது. ஒரே பயிற்சி, ஒரே சட்டதிட்டம். பாகிஸ்தானில் 1958இல் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். இந்தியாவில் தலைமைத் தளபதி குடியிருந்த டெல்லி மாளிகை பிரதமர் நேருவின் வீடானது. 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவியே எடுக்கப்பட்டு, முப்படைகளுக்கும் தனித்தனித் தலைவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சிப்பாயின் சம்பளத்தைக் கும்பினியின் கணக்குப்பிள்ளை எழுதிய காலம் போய், அந்தத் தொகை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. அதற்கான ஓட்டில் ஆரணித் தொகுதியின் உறுப்பினருக்கும் ஒன்று உண்டு.