வாத்துக் குஞ்சுக்கு இறக்கை வெளியே திரும்பிடுச்சா? கட்டுப் போட உங்களுக்கு இருப்பது சில நாள்கள்தான்!

விராலிமலை என்றதும் எல்லோருக்கும் முருகனும் மயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால், உங்கள் வீட்டுக் கொல்லையில் கோழியோடு கோழியாக நாலு வாத்துக் குஞ்சும் மேய்கிறதென்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

குஞ்சு வாங்கி ஒரு மாதம் வரை பிரச்னை எதுவும் இருக்காது. மஞ்சள் ரோமம் உதிர்ந்து, இறக்கையில் குச்சி குச்சியாக இறகு முளைக்கிற நேரத்தில்தான் திடீரென்று ஒருநாள் கண்ணில் படும். ஒரு பக்க இறக்கையின் நுனி உடம்போடு ஒட்டாமல், விசிறி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு... எவனோ மிதிச்சுட்டான்' என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். 'ரெக்கை ஒடிஞ்ச வாத்து இனி தேறாது, குழம்பு வெச்சுடு' என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்வார்கள்.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் அது ஒடிந்த இறக்கையாக இருக்காது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஏஞ்சல் விங்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஏரோப்ளேன் விங்' என்றும் சொல்வார்கள். பார்வைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். சீக்கிரம் கவனித்துவிட்டால், இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் செலவில் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய குறை இது. தாமதித்தால் ஆயுசுக்கும் அப்படியேதான்.

எதனால் திரும்புகிறது?

உங்கள் கையை மடக்கி, மணிக்கட்டையும் உள்பக்கமாக மடித்துப் பாருங்கள். வாத்து தன் இறக்கையை அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறது. நமக்கு இருப்பதுபோல அதற்கும் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. பறப்பதற்கான பெரிய இறகுகள் மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள பகுதியில்தான் முளைக்கின்றன. முளைக்கும்போது அந்தக் குச்சிகளுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் காய்ந்த இறகைவிட எடை அதிகம். குஞ்சின் மணிக்கட்டு மூட்டும் தசையும் அப்போது இளசாகத்தான் இருக்கும். இறகு வேகமாக வளர்ந்து, மூட்டு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால், பாரம் தாங்காமல் நுனிப்பகுதி முறுகி வெளிப்பக்கம் திரும்பிவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், அதிலும் இடதுபக்கம் அதிகம். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் திரும்பும்.

இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அளவுக்கு மீறிய தீனி. நம்ம ஊரில் வாத்துக்கென்று தனித் தீவனம் எளிதில் கிடைப்பதில்லை. கடையில் கேட்டால் கறிக்கோழித் தீவனத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். கோழியை ஆறு வாரத்தில் கறிக்குத் தயார் செய்வதற்கான தீவனம் அது. புரதமும் சக்தியும் கூடுதலாக இருக்கும். அதை நாள் முழுக்கத் தட்டில் வைத்து, கூண்டை விட்டு வெளியே விடாமல் வளர்த்தால் இறகும் உடம்பும் கிடுகிடுவென்று ஏறும், மூட்டு பின்தங்கிவிடும். வெள்ளை பெக்கின் மாதிரி கறி ரகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஏழு வாரத்திலேயே சுமார் 3 கிலோ எட்டிவிடும் ரகம் அது. காக்கி கேம்பல், நாட்டு வாத்து போன்றவை நிதானமாக வளர்பவை. அவற்றுக்கும் வராது என்றில்லை.

மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் இ குறைபாடும் காரணப் பட்டியலில் இருக்கின்றன. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. தைவானில் வெள்ளை ரோமன் என்ற பெரிய வாத்து ரகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், வம்சாவளியும் வளர்ப்பு முறையும் சேர்ந்தே வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பூங்காக்களில் 'வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள்' என்று பலகை வைப்பதும் இந்தக் குறையைச் சொல்லித்தான். ரொட்டி மட்டுமே குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும், வயிற்றை நிரப்பிச் சத்து எதுவும் தராத பண்டத்தைக் குஞ்சுக்குப் போடுவானேன்?

முதலில், இது அதுதானா என்று பாருங்கள்

கட்டுத் துணியை எடுப்பதற்கு முன்னால் குஞ்சைக் கையில் பிடித்து இரண்டு இறக்கையையும் மெதுவாக விரித்துத் தொட்டுப் பாருங்கள். ஏஞ்சல் விங் என்றால் வலி இருக்காது. நுனியைப் பிடித்து உள்ளே மடித்தால் சுலபமாக மடங்கும். விட்டதும் திரும்ப வெளியே வரும். வீக்கம், சூடு, ரத்தக்கட்டு, தொட்டதும் கத்துவது, எலும்பு கரகரவென்று உரசுவது இவற்றில் ஏதாவது இருந்தால் அது அடி. நீங்களாகக் கட்டாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இறகுக் குச்சி முளைக்கிற வாரத்தில் சில குஞ்சுகள் இறக்கையைக் கீழே தொங்கவிட்டு நடக்கும். வெளியே திரும்பியிருக்காது, பாரத்தில் சும்மா சரிந்திருக்கும். சில நாள்களில் தானாகத் தூக்கிக்கொள்ளும். புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு இரண்டு இறக்கையையும் விரித்து நிற்பதும் சூடு தணிக்கத்தான். நிழலும் தண்ணீரும் கொடுத்தால் போதும். ஆனால், இறக்கை தொங்க, கண் மூடி, தீனி எடுக்காமல் குன்றி நின்றால் அது நோய். அதற்கு இறக்கையைக் கட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கட்டுவது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு செய்தால் குஞ்சு அடங்கி இருக்கும். ஒருவர் அதை ஒரு பழைய துண்டில் சுற்றி, திரும்பிய இறக்கை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தன்மேல் மட்டும் ஒட்டிக்கொண்டு இறகில் ஒட்டாத பேண்டேஜ் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். 'வெட் ராப்' என்று கேளுங்கள். அது இல்லையென்றால் மெல்லிய துணிப் பட்டையைச் சுற்றி, அதன் மேல் காகித டேப் ஒட்டலாம். செல்லோ டேப், கரன்ட் வயருக்கு ஒட்டும் டேப் எல்லாம் வேண்டவே வேண்டாம். பிரிக்கும்போது ரத்தம் ஓடும் இறகுக் குச்சியையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். ஒரு குச்சி ஒடிந்தாலே நிறைய ரத்தம் வரும். அப்படி ஆகிவிட்டால் பஞ்சில் சோள மாவு தொட்டு அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

நல்ல பக்க இறக்கை எப்படி மடிந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி இதையும் மடியுங்கள். நீண்ட இறகுகள் எல்லாம் அடியில் ஒழுங்காகப் படிந்திருக்க வேண்டும். விரல் அகலத்துக்கு, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் பட்டையை எடுத்து, மடித்த இறக்கையை மட்டும் மணிக்கட்டுப் பக்கத்தில் இரண்டு, மூன்று சுற்று சுற்றுங்கள். அதாவது, இறக்கையை இறக்கையோடுதான் கட்டுகிறோம், உடம்போடு சேர்த்து அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் பறவைகளுக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சுவிடவே முடியும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் குஞ்சு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இறக்கைக் கட்டு நிற்காமல் நழுவுகிறது, உடம்பைச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதை மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள்.

கட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். கட்டியதும் குஞ்சு பின்பக்கமாக நடக்கும், தடுமாறி உட்காரும். அது பழகாத அவஸ்தை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள்.

அடுத்த சில நாள்களுக்குக் கண்மாய், குட்டை, அண்டா நீச்சல் எதற்கும் அனுமதி கிடையாது. ஈரக் கட்டு தோலைப் புண்ணாக்கும். ஆனால், குடிக்கிற பாத்திரம் மூக்குத் துவாரம் வரை முக்கிக் கழுவும் ஆழத்துக்கு இருக்க வேண்டும்; அது வாத்துக்கு அத்தியாவசியம். கூட்டாளிக் குஞ்சுகள் கட்டைக் கொத்தி இழுத்தால், பார்வையில் படும்படி பக்கத்திலேயே ஒரு தடுப்புப் போட்டு வையுங்கள். ஒரேயடியாகத் தனியாக அடைத்தால் கத்தியே ஓய்ந்துபோகும்.

தினமும் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரித்து, சிறிது நேரம் இறக்கையை அடித்துக்கொள்ள விடுங்கள். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஆரம்பத்திலேயே கவனித்த குஞ்சுக்கு மூன்று முதல் ஐந்து நாள்களில் இறக்கை நின்றுவிடும். மறுபடியும் வெளியே வந்தால் திரும்பக் கட்டலாம். இரண்டு வாரம் கட்டியும் அசைவில்லை என்றால், மேற்கொண்டு கட்டுவது குஞ்சுக்கு உபத்திரவம்தான்.

தட்டையும் மாற்றுங்கள்

கட்டு மட்டும் போட்டுவிட்டுப் பழைய தீனியையே கொடுத்தால், இன்னொரு பக்கமும் திரும்பலாம். முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு 20 சதவிகிதப் புரதம் தேவைதான். அதற்குப் பிறகு 16 சதவிகிதம் போதும். இரண்டு பங்கு 20 சதவிகிதத் தீவனத்தோடு ஒரு பங்கு அரிசிக் குருணை கலந்தால் கணக்கு ஏறக்குறைய அங்கே வந்துவிடும். அதோடு நிறைய கீரை, அசோலா, புல். நாள் முழுக்கத் தீவனத் தட்டை வைக்காமல் இரண்டு, மூன்று வேளையாகக் கொடுத்து, மீதி நேரம் மேய விடுங்கள். காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் பட்டி பட்டியாக வாத்து மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிந்திய நெல், நத்தை, புழு என்று அலைந்து தின்னும் அந்த வாத்துகளுக்கு வெயிலுக்கும் நடைக்கும் குறைவே இல்லை. வெயில் பட்டால்தான் வைட்டமின் டி. கொட்டகைக்குள்ளேயே வளர்த்தால் அதுவும் போச்சு.

தவிட்டில் மாங்கனீசும், வாத்தின் கால் வலுவுக்குத் தேவையான நியாசினும் நிறைய உண்டு, முழுவதும் உடம்பில் சேராது என்றாலும். புதுத் தவிடாக இருக்கட்டும். சிக்கு வாடை அடிப்பது வைட்டமின் இ-யை அழித்துவிடும். குஞ்சுக்கு இறக்கையோடு காலும் வளைகிறதென்றால் நியாசின் குறைவாக இருக்கலாம், மருத்துவரிடம் பி காம்ப்ளெக்ஸ் கேளுங்கள்.

கடலை விளையும் மாவட்டம் நம்முடையது என்பதால் ஒரு எச்சரிக்கை. 'புரதம்தானே' என்று பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வாத்துக்குப் போட்டுவிடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்று அஃப்ளாடாக்ஸின் என்று நாம் பேசுவது அதைத்தான். வாத்துக் குஞ்சு அதற்குக் கோழியைவிடச் சீக்கிரம் பலியாகும்.

இறகு முழுதாக முளைத்துக் காய்ந்துவிட்ட வாத்துக்கு இனி கட்டுப் போட்டுப் பலனில்லை, எலும்பு அப்படியே இறுகிவிட்டது. அதற்காக அறுக்க வேண்டியதில்லை. வலி கிடையாது, முட்டையும் எடையும் குறையாது. வீட்டு வாத்து எப்படியும் வானத்தில் பறக்கப்போவதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் இறகு வேலியில் மாட்டினால், முழுதாகக் காய்ந்த இறகாகப் பார்த்து நுனியை வெட்டிவிடலாம். அடைக்கு வைக்க மட்டும் அதன் முட்டையை எடுக்காதீர்கள்.

சந்தேகம் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் குஞ்சையே கொண்டுபோய்க் காட்டுங்கள். போக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். அவர்களாலும் முடியாத சிக்கல் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விராலிமலைக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. இறக்கை தொங்கிய மயில் குஞ்சு கொல்லைக்கு வந்து நின்றால், இதைப் படித்த தைரியத்தில் கட்டுப் போட உட்கார்ந்துவிடாதீர்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.