அடைமொழியும் அவை மரபும்

அவை கூடுமிடத்து, வந்தோரை எவ்வாறு விளிப்பது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அடைமொழி குறைந்தால் மனவருத்தம்; மிகுந்தால் நகைப்பு. பத்தாண்டுகளாக விழா எடுத்துவரும் நம் வட்டத்தினர் இதனை நன்கறிவர்.

பட்டமளித்தல் தமிழ்நிலத்திற்குப் புதியதன்று. பண்டை வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி, அமைச்சர்க்குக் காவிதி, வணிகர்க்கு எட்டி எனப் பட்டங்கள் வழங்கினர். பின்னாளில் சென்னை மாகாணத்தில், மடலாயினும் அழைப்பிதழாயினும் பெயருக்கு முன் 'மகாராஜராஜஸ்ரீ' என எழுதுவது வழக்காயிற்று. ஆங்கிலத்தில் அதனை 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' எனச் சுருக்கினர். காணி நிலம் இல்லாதாரும் தாளில் மன்னர்மன்னர் ஆயினர்! எல்லார்க்கும் உரியதான பெருமை எவர்க்கும் பெருமையாகாது போயிற்று.

ஆங்கில அரசு அளித்த ராவ் பகதூர், கான் பகதூர், திவான் பகதூர் முதலியன சிலர்க்கே கிட்டின. ஆயினும் அவற்றுக்கும் விலை உண்டு. உத்தமபாளையம் அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத் தலைநகராம் மதுரையில் 1842இல் பிறந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய அவர் 'திவான் பகதூர்', 'சர்' என்னும் சிறப்புகளைப் பெற்றிருந்தார். 1917இல் இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு வேண்டி அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கு மடல் எழுதினார். அதனை ஆட்சியாளர் கடிந்தபோது, 1918இல் பட்டங்களைத் துறந்தார். தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த ஆண்டில் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. பட்டம் போயிற்று, 'மணி ஐயர்' என்னும் பெயர் நின்றது.

அவையோர் மனமுவந்து அளித்தவற்றின் நிலை வேறு. 1893இல் எட்டயபுரத்தில் பதினோரு வயதுச் சிறுவர் சுப்பிரமணியனுக்குச் சூட்டப்பட்ட 'பாரதி'யும், 1938 நவம்பர் 13இல் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்கு அளித்த 'பெரியா'ரும் பெயராகவே நிலைத்துவிட்டன. உரியவரின் வாழ்வு அச்சொற்களுக்குப் பொருள் தந்தமையே காரணம்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் ஒழிய, அரசு பட்டம் வழங்குவதை விலக்கியது. 1995இல் உச்சநீதிமன்றம், பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ இணைத்தலாகாது என்றது. தமிழகத்தில் 1967இல் அண்ணா அரசு 'ஸ்ரீ', 'ஸ்ரீமதி', 'குமாரி' ஆகியவற்றை நீக்கி, 'திரு', 'திருமதி', 'செல்வி' ஆகியவற்றை ஆட்சிவழக்காக்கியது. 2012இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு விழாக்களில் தம்மை 'மேதகு' என விளிக்க வேண்டா என அறிவித்தார். நாட்டின் முதற்குடிமகனே கழற்றி வைத்த அணியை நம் மேடைகள் இன்னும் விடாது பற்றியிருத்தல் தகுமோ?

நம் ஊர்ப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களுடன் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெயரைத் தாங்கி நிற்பது அச்செயலே. இனி நம் அழைப்பிதழ்களில் கவிஞர் பெயருக்கு முன் ஒரு 'திரு'வும், பெயருக்குப் பின் அவர் இயற்றிய நூலொன்றின் பெயரும் இடம்பெறட்டும். படைப்பாளிக்கு அதனினும் உயர்ந்த பட்டம் வேறில்லை.