பெயர் திசைதிருப்பிய ஒரு நோய்

நோய்ப் பெயர்கள் இருவகைப்படும்: கண்டதைச் சொல்பவை, காரணத்தைச் சொல்பவை. பின்னவை தவறாக அமைந்தால் ஆய்வும் தவறான திசையில் செல்லக்கூடும். செயற்கை இடுப்பு மூட்டின் வரலாறு இதற்குச் சான்று.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை விரைவில் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைச் சிதைத்தன. 1962இல் அவர் மிகையுயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். தேய்மானம் பெரிதும் குறைந்தது, ஆயினும் நின்றுவிடவில்லை.

1970களில், பொருத்திய மூட்டைச் சுற்றி எலும்பு கரைவது கவனத்துக்கு வந்தது. மூட்டை எலும்போடு பிணைத்த அக்ரிலிக் சிமெண்டின் மேல் ஐயம் விழுந்தது. 1987இல் வெளியான ஜோன்ஸ், ஹங்கர்ஃபோர்டு ஆகியோரின் கட்டுரை 'சிமெண்டு நோய்' என்பதையே தலைப்பாகக் கொண்டது. சிமெண்டு இல்லா மூட்டுகள் பரவின. அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. முதன்மைக் காரணம் பாலிஎத்திலீன் துகள்களே என்பது 1990களில் தெளிவாயிற்று. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறிய அத்துகள்களை விழுங்கும் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. பெயரும் 'துகள் நோய்' என மாறியது.

கிருமிநீக்கத்துக்குப் பயன்பட்ட காமாக் கதிர், பாலிஎத்திலீன் சங்கிலிகளை அறுத்துத் தனி உறுப்புகளை உண்டாக்கியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றோடு வினைபுரிய, பொருள் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்றது. ஆனால் அதே கதிர் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்கவும் வல்லது. ஜப்பானில் ஊனிஷி 1971இலேயே மிகையான கதிரேற்றம் பெற்ற கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் குரோபெலாரும் 1970களில் இவ்வழியில் முயன்றார். உலகம் அவற்றைப் பரவலாக ஏற்கவில்லை.

1990களின் இறுதியில்தான், ஏறத்தாழ 50 முதல் 100 கிலோகிரே வரை கதிரேற்றி, பின் வெப்பத்தால் தனி உறுப்புகளைக் குறைக்கும் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. உருக்கினால் பொருளின் உறுதி சற்றுக் குறையும். ஆகவே பின்னர் உருக்குவதற்கு மாற்றாக வைட்டமின் ஈ சேர்க்கும் முறையும் தோன்றியது. இடுப்பு மூட்டில் மறு அறுவைசிகிச்சை குறைந்ததை ஆஸ்திரேலிய மூட்டுமாற்றுப் பதிவேடு காட்டுகிறது. முழங்காலில் பயன் அத்துணைத் தெளிவாக இல்லை.

இத்தாமதத்துக்குப் பெயர் ஒன்றே காரணம் என்று கூறலாகாது. எனினும் 'எலும்புக் கரைவு' என்னும் பெயர் காரணத்தைத் தேடவேண்டிய கேள்வியாகவே விட்டுவைத்தது. 'சிமெண்டு நோய்' அக்கேள்விக்கு முன்கூட்டியே விடையளித்துவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது நன்று.